பரம்பரைத் தோல் நோய்களுக்கு மரபணுத் திருத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூக்கி அணைத்தாலே தோல் கொப்புளிக்கும் குழந்தையை வைத்திருப்பவர்கள், "மரபணுவையே திருத்தும் சிகிச்சை வந்துவிட்டதாமே" என்ற செய்தியைப் படித்துவிட்டு என்னென்ன கேட்பார்களோ அவைதான் இந்தக் கேள்விகள். சிலவற்றுக்குப் பதில் நீளம். சிலவற்றுக்கு ஒற்றை வரி போதும்.

எந்தெந்த நோய்களைப் பற்றிப் பேசுகிறோம்?

ஒரே ஒரு மரபணுவில் உள்ள பிழையால் பிறவியிலேயே வரும் தோல் நோய்களைப் பற்றி. இவற்றில் மிக அதிகமாக ஆராயப்பட்டிருப்பது எபிடெர்மோலைசிஸ் புல்லோசா, சுருக்கமாக ஈ.பி. லேசாக உரசினாலும் கொப்புளம் கிளம்பித் தோல் கழன்று புண்ணாகிவிடும். இந்த நோயோடு பிறப்பவர்களைப் 'பட்டாம்பூச்சிக் குழந்தைகள்' என்று உலகமெங்கும் அழைக்கிறார்கள். பெயர் அழகுதான், புண்ணில் ஒட்டிய கட்டைப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்றவர்களுக்கு அந்த அழகு கண்ணில் படாது. அடுத்தது இக்தியோசிஸ்: தோல் தடித்து, வறண்டு, மீன் செதில் போல வெடிக்கும் நோய்கள். இவை தவிர, தோலின் காப்புத்தன்மை குலைந்து ஓயாத அழற்சி உண்டாகும் நெதர்டன் நோய், உள்ளங்கால் தடித்து நடக்கவே முடியாமல் வலிக்கும் பாக்கியோனிக்கியா கன்ஜெனிட்டா என்று பட்டியல் நீளும்.

தொட்டதும் தோல் ஏன் கழன்றுவருகிறது?

மேல்தோலும் அதற்கு அடியிலுள்ள உள்தோலும் தனித்தனி அடுக்குகள். அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பவை சில புரதங்கள். ஏழாம் வகைக் கொலாஜன் நங்கூரக் கயிறு மாதிரி உள்தோலுக்குள் இறங்கி மேல்தோலை இழுத்துக் கட்டுகிறது. லாமினின் 332 இரண்டுக்கும் நடுவே உள்ள பசை. கெரட்டின் 5, கெரட்டின் 14 ஆகியவை மேல்தோலின் அடிவரிசைச் செல்களுக்குள் இருக்கும் சட்டம். இவற்றில் எது கெட்டது என்பதைப் பொறுத்துத் தோல் பிளக்கும் ஆழம் மாறுகிறது.

கெரட்டின் கெட்டால் செல்லே உடைகிறது. அது 'சிம்ப்ளெக்ஸ்' வகை. லாமினின் கெட்டால் வருவது 'ஜங்ஷனல்' வகை. அதன் கடுமையான வடிவத்தில் பல குழந்தைகள் முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளைத் தாண்டுவதில்லை. ஏழாம் கொலாஜன் கெட்டால் 'டிஸ்ட்ரோபிக்' வகை. இதில் புண் ஆறினாலும் தழும்பு விட்டுப்போகும். தழும்பு மேல் தழும்பாக ஏறி விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு இளம் வயதிலேயே அந்தத் தழும்புகளில் தோல் புற்றுநோய் வரும். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அதுதான்.

மரபணுச் சிகிச்சையும் மரபணுத் திருத்தமும் ஒன்றா?

இல்லை. செய்திகளில் மிக அதிகமாகக் குழப்பப்படுவது இந்த இடம்தான். அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

பழைய ஓலைச்சுவடி ஒன்றில் ஓர் எழுத்து பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிழையுள்ள ஓலையை அப்படியே விட்டுவிட்டு, அதே பாடலைச் சரியாக எழுதிய புதிய ஓலை ஒன்றைக் கட்டுக்குள் எங்கேயாவது செருகலாம். படிப்பவர் புதியதைப் படித்துக்கொள்வார். இது மரபணுச் சேர்ப்பு. இன்று 'மரபணுச் சிகிச்சை' என்ற பெயரில் தோலுக்குக் கிடைப்பதெல்லாம் இந்த வகைதான். அந்தப் பிழை எழுத்தையே தேடிப்பிடித்து, அதே ஓலையில், அதே வரியில் திருத்தினால் அது மரபணுத் திருத்தம்.

திருத்தும் கருவிகளில் பெயர் பெற்றது கிரிஸ்பர் காஸ்9. பாக்டீரியாக்கள் வைரஸ்களை வெட்டி விரட்டப் பயன்படுத்தும் கத்தி அது. அதை நாம் விரும்பும் இடத்தில் வெட்டவைக்கலாம் என்று ஜெனிஃபர் டௌட்னாவும் இமானுவேல் ஷார்பென்டியேவும் 2012இல் காட்டினார்கள். 2020இல் வேதியியல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. இந்தக் கத்தியின் வேலை டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் வெட்டுவது மட்டுமே. அறுந்ததை ஒட்டுவது செல்லின் பொறுப்பு. செல் அதை அவசரமாக, சில எழுத்துகளை, அதாவது டி.என்.ஏ.வின் சிறு அலகுகளை, தொலைத்துவிட்டு ஒட்டும் வழக்கமுடையது. அதனால் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் லியூவின் குழு 2016இல் இரண்டு இழைகளையும் அறுக்காமல் ஒரே எழுத்தை மட்டும் மாற்றும் 'பேஸ் எடிட்டிங்' முறையையும், 2019இல் சிறு வரியையே மாற்றி எழுதும் 'பிரைம் எடிட்டிங்' முறையையும் கொண்டுவந்தது. பரம்பரைத் தோல் நோய்களில் கணிசமானவை ஒற்றை எழுத்துப் பிழைகள். ஆகவே தோல் ஆய்வாளர்கள் இந்த இரண்டின் பக்கம் சாய்ந்திருப்பதில் வியப்பில்லை.

புதிய ஓலையைச் செருகினாலே போதும் என்றால், திருத்தம் எதற்கு?

பல நோய்களுக்குச் செருகினால் போதாது. பெற்றோர் இருவரிடமிருந்தும் கெட்ட பிரதியைப் பெற்றால் மட்டுமே வரும் நோய்கள் உண்டு. அவற்றில் நல்ல பிரதி ஒன்றைச் சேர்த்தால் புரதம் உருவாகிவிடும். கெரட்டின் 14 போன்றவற்றில் கதை வேறு. அங்கே ஒரே ஒரு கெட்ட பிரதி இருந்தாலும், அதிலிருந்து பிறக்கும் கோணல் புரதம் நல்ல புரதத்தோடு பின்னிக்கொண்டு மொத்தச் சட்டத்தையும் பலவீனப்படுத்துகிறது. ஒரு வடத்தில் பாதி நூல் இற்றது என்றால், புதிய நூலை எவ்வளவு சேர்த்து முறுக்கினாலும் இற்றது உள்ளேதான் இருக்கும். அதைப் பிடுங்கியாக வேண்டும், அல்லது சரிசெய்தாக வேண்டும். சேர்ப்புச் சிகிச்சையால் இரண்டும் முடியாது.

இன்னொரு காரணம், அளவு. ஏழாம் கொலாஜனின் மரபணுச் செய்தி ஏறக்குறைய 9,000 எழுத்து நீளம். மரபணுச் சிகிச்சையில் பரவலாகப் பயன்படும் ஏ.ஏ.வி. என்ற சிறு வைரஸில் 5,000 எழுத்துகூட ஏறாது. திருத்தக் கருவிக்கோ மரபணு முழுவதையும் சுமக்கும் வேலை இல்லை.

இன்று மருத்துவமனைக்குப் போனால் இந்தச் சிகிச்சை கிடைக்குமா?

மரபணுத் திருத்தம் கிடைக்காது. தோல் நோய்க்கென்று ஒப்புதல் பெற்ற திருத்த மருந்து உலகில் எங்கும் இல்லை. கிரிஸ்பர் முறையில் முதன்முதலில் ஒப்புதல் பெற்ற 'காஸ்ஜெவி' இரத்த நோய்களுக்கானது. 2023 நவம்பரில் பிரிட்டனிலும் அடுத்த மாதம் அமெரிக்காவிலும் அனுமதிக்கப்பட்டது.

டிஸ்ட்ரோபிக் ஈ.பி.க்குக் கிடைப்பவை சேர்ப்பு வகை மருந்துகள் இரண்டு. ஒன்று 'வைஜூவெக்', 2023 மே மாதம் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸைப் பெருகமுடியாதபடி முடக்கி, அதில் ஏழாம் கொலாஜன் மரபணுவை ஏற்றி, களிம்புபோல் ஆக்கியிருக்கிறார்கள். இதை வாரம் ஒருமுறை புண்ணின் மேல் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். 31 பேரிடம் நடந்த சோதனையில், ஆறு மாதத்தில் மருந்திட்ட புண்களில் 67 சதவீதம் முழுமையாக மூடின. வெறும் களிம்பிட்டவற்றில் 22 சதவீதம். இரண்டாவது 'ஜெவாஸ்கின்', 2025 ஏப்ரலில் வந்தது. நோயாளியின் தோல் செல்களை எடுத்து, நல்ல மரபணுவைச் சேர்த்து, கடன் அட்டை அளவுத் தகடுகளாக வளர்த்துப் புண்ணில் தைப்பது.

யாராவது இப்போதே "கிரிஸ்பர் மூலம் தோலைக் குணப்படுத்துகிறோம்" என்று சொல்லிப் பணம் கேட்டால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

தோல் வெளியில்தானே இருக்கிறது? களிம்பாகத் தடவினால் ஆயிற்று, இதில் என்ன கஷ்டம்?

எல்லோரும் கேட்பது இது. ஆய்வாளர்களும் முதலில் இப்படித்தான் நினைத்தார்கள். கல்லீரலுக்கு இரத்தம் வழியாகப் போக வேண்டும், மூளைக்கு இன்னும் கடினம்; தோலோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. திருத்தியதைக் கண்ணால் பார்க்கலாம், சந்தேகம் வந்தால் ஒரு துணுக்கை வெட்டிச் சோதிக்கலாம், மோசமாகப் போனால் அந்த இடத்தையே அகற்றலாம். இவ்வளவு வசதியுள்ள உறுப்பு வேறில்லை.

ஆனால் தோலின் பிறவித் தொழிலே வெளியிலிருந்து வருவதை உள்ளே விடாமல் தடுப்பது. அதன் மேலடுக்கில் இறந்த செல்கள் ஓடு வேய்ந்ததுபோல அடுக்கப்பட்டு, இடுக்குகளில் கொழுப்பு பூசப்பட்டிருக்கிறது. மருந்தியலில் ஒரு கைக்கணக்கு உண்டு: 500 டால்டன் எடைக்கு மேற்பட்ட மூலக்கூறு நல்ல தோலைக் கடப்பது அரிது. காஸ்9 புரதம் மட்டுமே ஏறக்குறைய 1,60,000 டால்டன். எங்கே வெட்ட வேண்டும் என்று அதற்குக் காட்டும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.வின் எடை அதற்கு மேல்.

அதையும் கடந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். யாரைத் திருத்துவது? மேல்தோல் ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை மாதத்தில் முழுதாகப் புதுப்பிக்கப்படுகிறது. மேல் அடுக்குச் செல்களைத் திருத்தினால், அவை பொடுகாக உதிரும்போது சிகிச்சையும் கூடவே உதிர்ந்துவிடும். பலன் நிலைக்க வேண்டுமென்றால் அடிவரிசையில், மயிர்க்கால்களின் ஓரங்களில், சிதறிக் கிடக்கும் குருத்தணுக்களை, அதாவது ஸ்டெம் செல்களை, எட்ட வேண்டும். அவை எண்ணிக்கையில் குறைவு. அவற்றை மட்டும் பொறுக்கியெடுத்து மருந்தைச் சேர்க்கும் வழி இன்னும் தேர்ச்சி பெறவில்லை. கத்தி எப்போதோ தயார். கதவும் முகவரியும்தான் கிடைக்கவில்லை என்பது என் கருத்து. ஆனால் செய்திகள் எல்லாம் கத்தியைப் பற்றியே வருகின்றன.

ஈ.பி.யில் ஒரு விசித்திர வசதி: புண் இருக்கும் இடத்தில் கதவு ஏற்கனவே திறந்திருக்கிறது. வைஜூவெக் உள்ளே போவது அந்த வழியில்தான். இக்தியோசிஸில் தோல் மூடியிருக்கிறது, அதுவும் தடித்து. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் அண்மையில் இதற்கு முயன்றார்கள். டிரான்ஸ்குளுட்டமினேஸ் 1 என்ற நொதியின் மரபணுவில் பிழையுள்ள மனிதத் தோலை ஆய்வகத்தில் வளர்த்து, லேசரால் நுண்துளையிட்டு, கொழுப்பு நுண்குமிழ்களில் பேஸ் எடிட்டரை ஏற்றித் தடவினார்கள். நொதியின் வேலை இயல்பில் 30 சதவீதம் வரை மீண்டது. கவனிக்க வேண்டியது: இது ஆய்வகத் தோல், மனித உடலில் இருக்கும் தோல் அல்ல.

செல்களை வெளியே எடுத்துத் திருத்தி மீண்டும் வைக்க முடியாதா?

முடியும். இதுதான் நெடுநாள் அனுபவமுள்ள வழி. மேல்தோல் செல்களை உடலுக்கு வெளியே தாளாக வளர்க்கும் முறையை ரைன்வால்டும் கிரீனும் 1975இல் வெளியிட்டார்கள். தீக்காயத்துக்கு அது நெடுங்காலமாகப் பயன்படுகிறது.

இதன் உச்சம் 2015இல் ஜெர்மனியின் போகம் நகரில் நிகழ்ந்தது. ஜங்ஷனல் ஈ.பி. உள்ள ஏழு வயதுச் சிறுவன்; கிருமித் தொற்றால் மேல்தோலின் பெரும்பகுதி போய்விட்டது, மருத்துவர்கள் ஏறக்குறையக் கைவிட்ட நிலை. இத்தாலியின் மோடெனாவிலிருந்து மிக்கேலெ தெ லூக்காவின் குழு, அவன் உடலில் மிஞ்சியிருந்த நல்ல தோலிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, லாமினின் மரபணுவைச் சேர்த்து, தாள் தாளாக வளர்த்து அனுப்பியது. உடற்பரப்பில் சுமார் 80 சதவீதம் புதுத் தோலால் மூடப்பட்டது. 2017இல் இது ஆய்விதழில் வெளிவந்தபோது சிறுவன் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தான். ஐந்தாண்டு கழித்தும் தோல் நிலைத்திருந்தது பின்னர் பதிவானது.

இதுவும் சேர்ப்புதான், திருத்தம் அல்ல. ஆனால் திருத்தத்துக்கும் இது ஒரு பாடத்தை விட்டுச்சென்றது. அந்த முழுத் தோலையும் நெடுநாள் தாங்கியவை, நட்ட செல்களில் மிகச் சிறு பங்கான குருத்தணுக்களே. தட்டில் ஆயிரக்கணக்கான செல்கள் திருந்தியிருக்கலாம். அவற்றில் குருத்தணு இல்லாவிட்டால் உழைப்பு ஓரிரு மாதத்தோடு சரி.

எல்லாச் செல்களும் திருந்த வேண்டுமா?

வேண்டாம். இதற்கு இயற்கையே சாட்சி. ஈ.பி. உள்ள சிலரின் உடலில், புண்களுக்கு நடுவே கொப்புளமே வராத திட்டு ஒன்று இருக்கும். சோதித்துப் பார்த்தால், அங்குள்ள ஏதோ ஒரு குருத்தணுவில் தற்செயலாக இன்னொரு மாற்றம் நேர்ந்து பழைய பிழை சரியாகியிருக்கிறது; அதன் வாரிசுகள் அந்தத் திட்டை நிரப்பியிருக்கின்றன. இக்தியோசிஸில் ஒரு வகையில், சிவந்த தோல் முழுக்கக் காகிதத் துணுக்கு தூவியதுபோல நல்ல தோல் புள்ளிகள் நூற்றுக்கணக்கில் தோன்றுகின்றன. 2010இல் அதன் காரணம் தெரிந்தது: ஒவ்வொரு புள்ளியிலும் கெரட்டின் 10 மரபணு தானாகவே சரியாகியிருந்தது. ஆய்வகம் இவ்வளவு பாடுபட்டுச் செய்வதைத் தோல் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது!

மேலும், இரு பிரதியும் கெட்டால் மட்டும் வரும் நோய்களில், ஒரு நல்ல பிரதியோடு வாழும் தாய்க்கும் தந்தைக்கும் தோல் நன்றாகவே இருக்கிறது. பாதிப் புரதம் போதும் என்பதற்கு அவர்களே அத்தாட்சி.

என் குழந்தைக்கும் பக்கத்துப் படுக்கைக் குழந்தைக்கும் ஒரே நோய். ஒரே மருந்து போதுமா?

சேர்ப்புச் சிகிச்சையில் போதும். திருத்தத்தில் போதாமல் போகலாம், ஏனெனில் இருவரின் பிழையும் வேறு வேறு வரிகளில் இருக்கலாம். ஏழாம் கொலாஜனில் மட்டும் நூற்றுக்கணக்கான பிறழ்வுகள் பதிவாகியுள்ளன.

இதைச் சமாளிக்க ஒரு தந்திரம் உண்டு. அந்த மரபணு 118 துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. நடுப்பகுதித் துண்டுகளில் பலவற்றை முழுதாக எடுத்துவிட்டாலும் மீதி வாசகம் குழம்பாது. சற்றே குட்டையான, ஆனால் பிடித்துக்கொள்ளும் கயிறு உருவாகும். ஸ்பெயினில் பரவலாக உள்ள 80ஆம் துண்டின் பிறழ்வை அங்குள்ள ஆய்வாளர்கள் கிரிஸ்பரால் கையாண்டு, நோயாளிகளின் செல்களில் கொலாஜனை மீட்டு, அந்தத் தோலை எலிகள் மேல் ஒட்டிக் காட்டியிருக்கிறார்கள்.

ஒருவருக்கென்றே தனி மருந்து செய்வதும் இனிக் கற்பனை இல்லை. அம்மோனியாவை யூரியாவாக மாற்றும் பாதையில் அரிய கோளாறுள்ள ஒரு கைக்குழந்தைக்கு, ஏறக்குறைய ஆறு மாதத்தில் தனிப் பேஸ் எடிட்டர் தயாரித்துப் பிலடெல்பியாவில் செலுத்தியது 2025இல் வெளியானது. அது கல்லீரல் என்பதை மறக்க வேண்டாம். கொழுப்பு நுண்குமிழை இரத்தத்தில் விட்டால் தானாகவே போய்ச் சேரும் இடம் அது.

என்னென்ன ஆபத்து?

கத்தி, ஒத்த எழுத்துவரிசை உள்ள வேறோர் இடத்தையும் வெட்டிவிடலாம். சரியான இடத்தில் வெட்டினாலும் பெரிய துண்டு ஒன்று தொலையலாம், குரோமோசோம்கள் மாறி ஒட்டலாம். பேஸ் எடிட்டர் பக்கத்து எழுத்தையும் சேர்த்து மாற்றக்கூடும். ஏற்கனவே புற்றுநோய் வாய்ப்பு மிகுந்த டிஸ்ட்ரோபிக் தோலில் இந்தக் கவலை இரட்டிப்பாகிறது. வெட்டுக்கு எதிராகக் கூச்சலிடும் காவல் மரபணு பி53 பழுதான செல்களே வெட்டைத் தாங்கித் தப்பிப் பெருகும் என்று 2018இல் வெளிவந்த ஆய்வுகள் எச்சரித்தன. தோலை வெளியே எடுத்துத் திருத்தினால், திரும்ப ஒட்டுமுன் இதையெல்லாம் சோதித்துவிடலாம். நேரடியாகத் தடவினால் அந்த வாய்ப்பு இல்லை.

இன்னொன்று நோயெதிர்ப்பு. காஸ்9 பாக்டீரியாவிலிருந்து வந்தது. அந்த பாக்டீரியாக்கள் நம் உடலில் பழகியவை என்பதால் பலரிடம் எதிர்ப்பொருள் முன்பே இருக்கிறது. ஆறாத புண்களில், அவற்றில் ஒன்றான ஸ்டாஃபிலோகாக்கஸ் குடியிருக்கும் ஈ.பி. நோயாளிகளிடம் இதைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். பிறப்பிலிருந்தே ஏழாம் கொலாஜன் உருவாகாதவருக்கு, திருத்தத்தால் உருவாகும் நல்ல கொலாஜனே அந்நியப் பொருளாகத் தோன்றும் சாத்தியமும் உண்டு.

தோல் சரியானால் நோயே போய்விடுமா?

டிஸ்ட்ரோபிக் ஈ.பி.யில் வாய், உணவுக்குழாய், கண் எல்லாம் பாதிக்கப்படும். உணவுக்குழாய் சுருங்கி விழுங்கவே முடியாத பிள்ளைக்கு, முதுகில் ஒட்டிய தகடு சாப்பாட்டை இறக்கித் தராது. களிம்பும் தகடும் வைத்த இடத்துக்கு மட்டுமே.

என் தோலைத் திருத்தினால், எனக்குப் பிறக்கும் குழந்தைக்கு நோய் வராதா?

அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. தோல் செல்லில் செய்த மாற்றம் தோலோடு நிற்கும். கருமுட்டைக்கும் விந்தணுவுக்கும் போகாது. கருவையே திருத்துவது வேறு விவகாரம். 2018இல் சீனாவில் ஹே ஜியன்குய் அப்படிச் செய்ததாக அறிவித்தார். மறு ஆண்டு அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. இரு பெற்றோரும் ஒரு கெட்ட பிரதியைச் சுமந்தால், ஒவ்வொரு கருவுறுதலிலும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. இதைக் கருவிலேயே சோதித்து அறியும் வழிகள் ஏற்கனவே உள்ளன. மரபியல் ஆலோசகரிடம் பேசுங்கள்.

சொரியாசிஸுக்கும் வெண்புள்ளிக்கும் இது உதவுமா?

இப்போதைக்கு இல்லை. அவற்றில் பல மரபணுக்களின் சிறு சிறு பங்கும் சூழலும் சேர்ந்திருக்கின்றன. திருத்துவதற்கு ஒற்றை எழுத்து இல்லை.

காத்திருக்கும் காலத்தில் நாங்கள் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

முதலில், துல்லியமான மரபணுச் சோதனை. 'டிஸ்ட்ரோபிக் ஈ.பி.' என்று எழுதிய சீட்டு போதாது. எந்த மரபணு, எந்த இடத்தில், எந்த எழுத்து எதுவாக மாறியிருக்கிறது, இரண்டு பிரதிகளிலும் என்ன பிழை, இவ்வளவும் எழுத்தில் வேண்டும். பெற்றோரையும் சோதித்தால்தான் எந்தப் பிழை யாரிடமிருந்து வந்தது என்பது உறுதியாகும். திருத்த ஆய்வுகள் நோயின் பெயரைப் பார்த்து ஆள் சேர்ப்பதில்லை. பிறழ்வைப் பார்த்தே சேர்க்கும். அந்த அறிக்கையின் நகலைக் கைவசம் வைத்திருங்கள்.

புண்களை மாதாமாதம் அதே கோணத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்து வையுங்கள். கட்டு, ஊட்டம், தொற்றுத் தடுப்பு, புற்றுநோய்க்கான தவறாத தோல் பரிசோதனை எதையும் புதிய சிகிச்சையை நம்பித் தள்ளிப்போட வேண்டாம்.

ஆய்வில் சேர அழைப்பு வந்தால் கேளுங்கள்: இது சேர்ப்பா, திருத்தமா? மனிதர்களிடம் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? நோயாளியிடம் ஏதாவது கட்டணம் வாங்குகிறீர்களா? எத்தனை ஆண்டு எங்களைப் பின்தொடர்ந்து பார்ப்பீர்கள்? கடைசியாக இதையும் கேளுங்கள்: திருந்திய செல்களில் குருத்தணு இருக்கிறதென்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? பதில் சொல்லும் மருத்துவர் நாற்காலியை உங்கள் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்து விளக்கத் தொடங்கினால், சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.